கல்லாற்றில் எழுபத்து மூன்று குவியல்கள்

பொன்முடி செல்லும் சாலையில் விதுராவைத் தாண்டினால் கல்லாறு. பெயருக்கேற்ப ஆறு முழுக்க உருண்டைக் கற்கள். சென்ற விடுமுறையில் பேரனை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கிறான். கணக்கு என்றாலே முகம் வாடிவிடும். "நம் குடும்பத்துக்கே கணக்கு வராது" என்று அவன் காதுபடச் சொல்லி வந்தவர்களில் நானும் ஒருவன்.

"இருபத்து மூன்று கல் பொறுக்கி வாடா" என்றேன். "அவற்றைக் குவியல்களாக வை. ஒரு குவியலில் 1, 8, 27 என்று கன எண்ணாகத்தான் கல் இருக்க வேண்டும். குவியல்கள் குறைய வேண்டும்."

எட்டெட்டாக இரண்டு வைத்தான். மிச்சம் ஏழும் தனித்தனி. ஆக ஒன்பது.

"லட்சம் கல் இருந்தா எவ்வளவு குவியல் ஆகும், தாத்தா?"

"கோடி கல்லானாலும் ஒன்பதுக்கு மேல் வேண்டாம். கல் கூடக்கூடப் பெரிய குவியலுக்கும் இடம் கிடைக்குமே! ஆயிரம் கல்லை ஒரே குவியலாக வைக்கலாம். பத்தின் கனம் அல்லவா?"

இதைப் பொதுக் கேள்வியாக 1770இல் எழுப்பியவர் ஆங்கிலேயரான வாரிங். வர்க்கங்களுக்கு 4, கனங்களுக்கு 9 போதும் என்றார், நிறுவிக் காட்டவில்லை. வர்க்கங்களுக்கு லக்ராஞ்சு அதே ஆண்டில் நிறுவினார். கனங்களுக்கு விடை வர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

ஆறாம் அடுக்குக்கு விடை கண்டவர் ஒரு தமிழர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் சு.சி. பிள்ளை எனும் சிவசங்கரநாராயண பிள்ளை. 1901இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்னர் நம் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் படித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1940இல், எந்த முழு எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று நிறுவினார்.

எழுபத்து மூன்று ஏன்? 703ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64. ஆறு மூன்றுகளைப் பெருக்கினால் 729. 729 இதற்குள் அடங்காது. எனவே 64 கல் குவியல் பத்து. மிச்சம் 63 ஒற்றைக் கற்கள். மொத்தம் 73. இதற்குக் குறைக்க வழியே இல்லை. எவ்வளவு பெரிய எண்ணானாலும் இதற்கு மேல் தேவையும் இல்லை.

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், மறு ஆண்டே கல்கத்தா சென்றார். 1950 ஆகஸ்டில், அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டார். எகிப்தில் விமானம் விழுந்து நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது 49.

பேரன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அவர் நம்ம ஊரிலேயா படிச்சார்?"

"ஆமாம். நாம் பஸ்ஸில் போகும்போது பார்ப்போமே, யூனிவர்சிட்டி கல்லூரி. அந்த நாளில் அதுதான் மகாராஜா கல்லூரி."

அவன் எழுந்து மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினான். 703 வேண்டுமாம். மூன்று குவியல் முடிவதற்குள் இருட்டிவிட்டது. மிச்சத்துக்கு அடுத்த விடுமுறையில் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். "நமக்குக் கணக்கு வராது" என்ற பேச்சை மட்டும் கல்லாற்றிலேயே விட்டுவிட்டு வந்தோம்.