உண்மையைச் சொல்லும் ஒலிபெருக்கி

விடுமுறையில் பல நாள் முயன்று, ஒரு பாடலுக்கான கித்தார் இசையை வீட்டிலேயே பதிவு செய்து முடிக்கிறீர்கள். வரவேற்பறையில் உள்ள ஒலிபெருக்கியில் கேட்டபோது கம்பிகளின் நாதம் கனமாகவும் இனிமையாகவும் இருந்தது. மறுநாள் அதே பதிவை மாமாவின் காரில் ஒலிக்க விடுகிறீர்கள். கித்தாரின் கனம் காணாமற்போயிருக்கிறது; பாடுபவரின் குரல் மட்டும் தனித்து நிற்கிறது. உங்கள் விரல்கள் பிழை செய்யவில்லை. கித்தாரும் பிழை செய்யவில்லை. அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது? நீங்கள் நம்பிய ஒலிபெருக்கி உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை.

வீடுகளில் பாட்டுக் கேட்பதற்காகச் செய்யப்படும் ஒலிபெருக்கிகள் பலவும் கேட்போரை மகிழ்விக்கும் நோக்கம் கொண்டவை. அவை கனத்த தாழ்ந்த ஒலிகளையும் கூர்மையான உயர்ந்த ஒலிகளையும் சற்று மிகுத்துக் காட்டும். அவற்றை நம்பிப் பதிவைச் சரிசெய்பவர், ஏற்கெனவே கனம் போதுமென்று எண்ணி அதைக் குறைத்துவிடுவார். வேறு கருவியில் கேட்கும்போதுதான் குறை தெரியவரும். ஒலிப்பதிவுக்கூடங்களில் பயன்படும் மானிட்டர் ஒலிபெருக்கியின் வேலை வேறு. பதிவில் உள்ளதைக் கூட்டாமலும் குறைக்காமலும் காட்டுவதே அதன் கடமை. முகத்துக்கு நேரே புகழும் நண்பனைவிடத் தவற்றை இடித்துரைக்கும் நண்பனே மேலானவன் அல்லவா? மானிட்டர் ஒலிபெருக்கியும் அத்தகைய நண்பன்தான்.

இதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. ஜப்பானின் யமாஹா நிறுவனம் 1978ஆம் ஆண்டில் என்எஸ்-10 என்னும் ஒலிபெருக்கியை வீட்டுப் பயன்பாட்டுக்காக வெளியிட்டது. வெள்ளை நிறக் கூம்பு கொண்ட அது, வீட்டில் இசை கேட்போரிடம் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. ஆனால், ஒலிப்பதிவாளர்கள் அதை விரும்பி வாங்கினர். குரலும் கித்தாரும் இடம்பெறும் நடுத்தர ஒலிகளில் உள்ள குறைகளை அது மறைக்காமல் எடுத்துக்காட்டியது. அதில் நன்றாக ஒலிக்கும் பாடல் எங்கும் நன்றாக ஒலிக்கும் என்ற நம்பிக்கை அவர்களிடையே பரவியது. 2001இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எனினும், இன்றும் பல ஒலிப்பதிவுக்கூடங்களில் அந்த வெள்ளைக் கூம்பைக் காணலாம்.

மின்கித்தார் வாசிப்போர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். கித்தாருக்கென்றே உள்ள ஆம்ப்ளிஃபயர் மானிட்டருக்கு ஈடாகாது. அதன் ஒலிபெருக்கி, ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரிதும் மங்கச் செய்து, கித்தாருக்குரிய தனிச்சுவையை உருவாக்குகிறது. எனவே, அஃது இசைக்கருவியின் ஓர் உறுப்பு போன்றது. இன்று கித்தாரை நேரடியாகக் கணினியோடு இணைத்து, மென்பொருள்வழி அதே சுவையைச் சேர்க்க முடிகிறது. அவ்வாறு பதிவான இசையை மீண்டும் கித்தார் ஆம்ப்ளிஃபயரில் கேட்டால், உப்புப் போட்ட குழம்பில் மறுபடியும் உப்புப் போட்டது போலாகும்.

அடுத்து, எந்த அளவு ஒலிபெருக்கியை வாங்குவது? பெரியதே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கித்தாரின் மிகத் தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டினால் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலி பிறக்கும். கூம்பின் குறுக்களவு 5 அங்குலமுள்ள மானிட்டர்கள் பெரும்பாலும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ்வரை தாழ்ந்த ஒலிகளைத் தெளிவாகத் தரவல்லவை. ஆகவே, கித்தாருக்கும் குரலுக்கும் அவை போதும். 41 ஹெர்ட்ஸ்வரை இறங்கும் பேஸ் கித்தாரையும் முரசொலியையும் முழுமையாகக் கேட்க விரும்புவோருக்கே 8 அங்குல மானிட்டர் தேவைப்படும். ஆயினும், அதை வைக்க அதற்கேற்ற அறையும் வேண்டும்.

அறைக்கும் ஒலிக்கும் என்ன தொடர்பு? ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். அவ்வகையில் 82 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நான்கு மீட்டருக்கும் சற்று அதிக நீளம் உடையது. அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையோ மூன்று மீட்டர் நீளம்தான் இருக்கும். அலை சுவரில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையுடன் கலக்கிறது. இதனால் ஒலி ஓரிடத்தில் முழங்கும். இரண்டடி தள்ளி மெலியும். தாழ்ந்த ஒலி ஒன்றைத் தொடர்ந்து ஒலிக்க விட்டு அறைக்குள் மெல்ல நடந்து பாருங்கள். இவ்வேறுபாட்டை நீங்களே உணர்வீர்கள். சிறிய அறையில் பெரிய ஒலிபெருக்கியை வைத்தால் இந்தக் குழப்பம் மேலும் கூடுமே தவிரக் குறையாது.

எனவே, வாங்கும் பொருளைப் போலவே வைக்கும் இடமும் முக்கியம். இரண்டு மானிட்டர்களும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைய வேண்டும். சிறிய அறையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் இருந்தால் போதும். உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர், காதின் உயரத்தில் இருக்க வேண்டும். அறையின் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலிகள் மிகுந்துவிடும். சுவரை ஒட்டி வைக்க நேர்ந்தால், தாழ்ந்த ஒலியைக் குறைக்கும் விசை பின்புறத்தில் உள்ள மானிட்டரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அறையின் நட்டநடுவில் அமர்வதையும் தவிர்க்க வேண்டும். தடித்த திரைச்சீலை, மெத்தை, நூல்கள் நிறைந்த அலமாரி ஆகியவை எதிரொலியைத் தணிக்க உதவும். செலவில்லாத இந்த மாற்றங்கள், விலை உயர்ந்த ஒலிபெருக்கி தராத தெளிவைத் தரக்கூடும்.

ஒலியின் அளவும் கவனத்திற்குரியது. ஒலியைக் குறைக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட விரைவாக மங்குகின்றன. இதை ஃபிளெட்சர், மன்சன் ஆகிய அறிவியலாளர்கள் 1933இல் ஆராய்ந்து வெளியிட்டனர். ஆகவே, ஒலியை அடிக்கடி கூட்டிக் குறைக்காமல், இயல்பாகப் பேசும் அளவிலோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ வைத்துப் பணிசெய்வது சிறப்பு. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியை நெடுநேரம் தொடர்ந்து கேட்பது செவித்திறனைப் பாதிக்கும். மேலும், நமக்கு இசையாக இருப்பது சுவருக்கு அப்பால் உறங்கும் குழந்தைக்கு இரைச்சலாக இருக்கலாம். இரவு வேளையில் ஹெட்ஃபோனைப் பயன்படுத்துவதே அண்டை வீட்டாருக்கு நாம் காட்டும் மரியாதை.

கடைக்குச் செல்லும்போது நீங்கள் நன்கறிந்த இரண்டு பாடல்களையும், உங்கள் சொந்தப் பதிவு ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். எல்லா மானிட்டர்களையும் ஒரே ஒலியளவில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஏனெனில், சற்று உரக்க ஒலிப்பதே சிறந்தது போல் நம் காதுக்குத் தோன்றும். உங்கள் பதிவின் குறையை எது தெளிவாகக் காட்டுகிறதோ, அதையே தேர்ந்தெடுங்கள். பல மாதம் சேமித்த வெள்ளி முழுவதையும் ஒலிபெருக்கிக்கே செலவிட்டுவிடாமல், கம்பி வடங்களுக்கும் தாங்கிகளுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்த முதல் நாள் சிறிது ஏமாற்றமாக இருக்கலாம். நேற்றுவரை இனித்த உங்கள் இசையில் இன்று தடுமாற்றமும் தேவையற்ற ஓசையும் கேட்கும். மனம் தளராதீர்கள். அந்தக் குறைகள் நேற்றும் இருந்தவைதான். இன்றுதான் உங்கள் காதுக்கு எட்டியுள்ளன. குறையைக் கேட்கத் தெரிந்தவரால்தான் அதைக் களைய முடியும். அவ்வாறு களைந்த பதிவை மீண்டும் மாமாவின் காரில் ஒலிக்க விடுங்கள். கித்தார் தனக்குரிய இடத்தில் கணீரென்று ஒலிக்கும்போது, உங்கள் சேமிப்பு வீண்போகவில்லை என்பதை உணர்வீர்கள்.