சில்கோசா காடு

ஊசி போன்ற இலை உள்ள மரங்கள் இமயமலையில் காடு காடாக நிற்கின்றன. தேவதாரு, பைன் என்று அவற்றில் பல வகை. குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். ஊசி இலையில் பனி அதிகம் தங்காது. சறுக்கி விழுந்துவிடும். கிளையும் முறியாது.

இமாச்சலப் பிரதேசத்தில் கின்னௌர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. சட்லெஜ் ஆறு அதன் வழியே ஓடுகிறது. உயர்ந்த மலைகள் மறைப்பதால் அங்கே பருவமழை குறைவு. செங்குத்தான, வறண்ட சரிவுகள். அங்கே பாறை இடுக்கிலும் வேர் விட்டு வளர்கிறது ஒரு மரம். அதுதான் சில்கோசா பைன். ஊர் மக்கள் நியோசா என்பார்கள். மண் சரியாமல் அதன் வேர் பிடித்துக் கொள்கிறது.

இந்த மரத்தில் பழம் இல்லை. செதில் செதிலாக அடுக்கிய கூம்புதான் உண்டு. அது முற்ற ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். செதிலுக்குள்ளே நீளமான விதை. ஓடு மெல்லியது. கையாலேயே உடைக்கலாம். உள்ளே இருக்கும் பருப்பு நல்ல ருசி. எண்ணெய்ச் சத்தும் உண்டு.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஊரே காட்டுக்குப் போகும். எந்த ஊருக்கு எந்தக் காடு என்பது பழைய வழக்கம். கூம்பு மரத்திலேயே விரிந்தால் விதை சரிவில் சிதறிவிடும். ஆகவே விரியும் முன்பே பறிக்கிறார்கள். குவித்துக் காய வைத்தால் செதில் விரியும். பிறகு தட்டி எடுக்கிறார்கள். கால் தவறினால் பள்ளம்தான். அவ்வளவு ஆபத்தான வேலை.

திருமணத்துக்கும் விருந்தாளிக்கும் சில்கோசாவை மாலையாகக் கோத்துப் போடுவது அங்கே மரியாதை. பூமாலை வாடும். இந்த மாலையைச் சாப்பிடலாம்!

பருப்புக்கு நல்ல விலை. அதிலேதான் சிக்கல். எல்லாக் கூம்பையும் பறித்துவிட்டால் முளைப்பதற்கு விதை ஏது? அவசரத்தில் கிளையையும் வெட்டுகிறார்கள். அந்தக் கிளையில் அடுத்த ஆண்டுக்கான பிஞ்சுக் கூம்பும் இருக்கும். அதுவும் போய்விடுகிறது. காட்டில் வயதான மரங்களே அதிகம். கன்றுகள் குறைவு.

பறிப்பவர்களைக் குறை சொல்வது எளிது. பல குடும்பங்களுக்கு அந்தப் பணம்தான் குளிர்காலச் செலவு. சில மரங்களைப் பறிக்காமல் விட்டால் விதை விழும். ஒரு வீடு மட்டும் விட்டால் பக்கத்து வீடு பறித்துவிடும். ஊர் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும்.

வனத்துறை நாற்றங்காலில் கன்று வளர்த்து நடுகிறது. கன்று மிக மெதுவாக வளரும். அதுவரை ஆடு கடிக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.