புகையில்லா ஓட்டல்: மூவருக்கும் நலம்

 

தசரா நாட்களில் முத்தாரம்மனை வணங்க லட்சக்கணக்கானோர் நம் ஊருக்கு வருகிறார்கள். கைக்குழந்தையோடு வரும் தாய்மார் பசியாற உட்காருவது நம் கடைகளில்தான். அந்த இடத்தில் பீடி, சிகரெட் புகை இருக்கலாமா?

பிடிப்பவர் ஒருவர், சுவாசிப்பவர் பலர்

புகையிலைப் புகையில் 7,000-க்கு மேற்பட்ட ரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ பிறர் விடும் புகையைத் தொடர்ந்து சுவாசிப்பவருக்கு, இருதய நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது. கர்ப்பிணிகள் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு இளைப்பு, நெஞ்சுச் சளி, காது நோய் வரலாம்.

“ஃபேன் ஓடுது, ஜன்னல் திறந்திருக்கு, போதாதா?” என்று கேட்கலாம். போதாது. ஃபேன் புகையைக் கடை முழுக்கப் பரப்புமே தவிர, நஞ்சை அகற்றாது.

வேலையாட்களுக்கு என்ன நன்மை?

வாடிக்கையாளர் கால் மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். சப்ளையரும் டீ மாஸ்டரும் நாள் முழுக்க அங்கேதான் நிற்கிறார்கள். அவர்களை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1998-ல் மதுக்கடைகளுக்குள் புகைப்பது தடை செய்யப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் அக்கடைகளின் பணியாளர்களைச் சோதித்தார்கள். முன்பு இருமல், இளைப்பு இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓரிரு மாதங்களில் அவை நின்றிருந்தன.

வியாபாரம் குறையுமா?

குறையாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2009-ல் இதை உறுதி செய்தது. புகை இல்லாத கடைக்குக் குடும்பத்தோடு தயங்காமல் வரலாம். சுவரில் கறை படியாது. தீ விபத்து பயமும் குறையும்.

சட்டம் சொல்வது

2003-ம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்தில் புகைப்பது குற்றம். 2008 அக்டோபர் 2 முதல் அமலான விதிகளில் ஓட்டலும் பொது இடமே. அபராதம் 200 ரூபாய் வரை. கடைக்காரர் தடுக்காவிட்டால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை குற்றத்துக்கும் அவரே பொறுப்பு. 30 இருக்கைக்குக் குறைந்த ஓட்டலில் புகைக்கத் தனி இடம் ஒதுக்கவும் அனுமதி இல்லை.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

1. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் “புகை பிடிக்கக் கூடாத இடம்” என்ற போர்டை வாசலில் வையுங்கள். புகார் கேட்பவர் பெயரும் அதில் இருக்கட்டும்.

2. சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர், பீடி பற்றவைக்கத் தொங்கவிடும் நெருப்புக் கயிறு ஆகியவற்றை எடுத்துவிடுங்கள்.

3. யாராவது பற்றவைத்தால் சண்டை வேண்டாம். “அண்ணாச்சி, உள்ளே பிள்ளைக இருக்கு, அணைச்சிருங்க” என்று தன்மையாகச் சொல்லுங்கள். பெரும்பாலோர் கேட்பார்கள்.

வாடிக்கையாளர்களே, நீங்களும் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். பழக்கத்தை விட நினைப்பவர்கள் 1800-112-356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம்.

இலையில் சோறு மணக்கட்டும்! கடையில் புகை ஒழியட்டும்!