போதுமான அம்மா, போதுமான வேலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலாம் வகுப்பு படிக்கிற மகள் சூரியக் குடும்பத்தை சார்ட்டில் வரைந்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். சனிக்கோளின் வளையம் கோணல். ‘வியாழன்’ என்பது ‘வியாலன்’ ஆகியிருந்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் புது சார்ட் எடுத்து, காம்பஸ் வைத்து, முழுசா வரைந்து முடித்தேன். காலையில் பார்த்தவள் கோபப்படவில்லை. “நல்லா இருக்கும்மா. ஆனா இது என்னுது இல்ல”ன்னு சொல்லிட்டு, ரெண்டு சார்ட்டையும் எடுக்காமலே ஸ்கூலுக்குப் போயிட்டா.

அன்றிலிருந்து இதைப் பற்றிக் கொஞ்சம் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

பெர்ஃபெக்‌ஷனிசம் என்பது ஒரே குணம் இல்லை. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் இருவரும் 1991-ல் அதை மூன்றாகப் பிரித்தார்கள். நான் குறையே இல்லாமல் இருக்கணும் என்பது முதல் வகை. என்னைச் சுற்றி இருப்பவர்களும் அப்படி இருக்கணும் என்பது இரண்டாவது. மற்றவர்கள் என்னிடம் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது மூன்றாவது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், ‘நாலு பேர் என்ன சொல்வாங்க.’

தாமஸ் கர்ரன், ஆண்ட்ரூ ஹில் ஆகியோர் 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களிடம் எடுத்த அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்று வகையுமே கூடியிருக்கிறது. அதிகம் கூடியது மூன்றாவது. என் சார்ட்டும் அந்த வகைதான். டீச்சர் என்னைப் பற்றி என்ன நினைப்பாங்க என்ற பயத்தில் வரைந்தது.

டொனால்ட் வின்னிகாட் இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர். ‘போதுமான அளவு நல்ல அம்மா’ என்ற கருத்தை 1953-ல் வெளியான கட்டுரையில் எழுதினார். பிறந்த குழந்தைக்கு அம்மா ஏறக்குறைய முழுசா ஈடுகொடுக்கிறாள். குழந்தைக்கு ஏமாற்றத்தைத் தாங்கும் திறன் வளர வளர, அவள் ஈடுகொடுப்பதும் படிப்படியாகக் குறையணும். அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் குழந்தை வெளி உலகத்தைக் கற்றுக்கொள்கிறது. அம்மா எல்லாவற்றையும் நிரப்பிவிட்டால் அதற்கு இடமே இல்லை. நான் அந்த ராத்திரி செய்தது அதுதான்.

ஆபீஸ் விஷயத்துக்கு ஹெர்பர்ட் சைமன் உதவுகிறார். 1978-ல் பொருளாதார நோபல் பெற்றவர். மனிதர்களுக்கு நேரமும் தகவலும் குறைவு. அதனால் ஆகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருக்காமல், ‘இது போதும்’ என்று ஒரு அளவு வைத்து, அதைத் தொட்டதும் நிறுத்துகிறோம் என்றார். சரி, தேடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஷீனா ஐயங்காரும் பாரி ஷ்வார்ட்ஸும் மற்றொரு ஆய்வாளரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு வேலை தேடும் மாணவர்களைப் பற்றியது. ஆகச் சிறந்ததையே தேடியவர்களுக்கு ஆரம்பச் சம்பளம் 20 சதவீதம் கூடுதல். ஆனால் கிடைத்த வேலையில் திருப்தி குறைவு.

அதுக்காக எல்லாத்துலயும் அலட்சியம்னு அர்த்தமில்லை. மருந்தின் அளவு, பேங்க் கணக்கு எண், கேஸ் ஸ்டவ் குமிழ்: இங்கெல்லாம் இரண்டு தடவை பார்க்கத்தான் வேண்டும். மெயிலை ஏழாவது தடவை திருத்துவது, வீட்டுக்காரர் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பது: இதெல்லாம் வேறு கணக்கு. இப்போது வேலையைத் தொடங்கும் முன்பே, எது வந்தால் போதும் என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். முடிந்த பிறகு யோசித்தால் ‘போதும்’ வரவே வராது.

அந்த வாரம் மகள் புதுசா ஒரு சார்ட் வரைந்தாள். ‘வியாழன்’ எழுத்தை மட்டும் எடுத்துச் சொன்னேன். அவளே அழித்துத் திருத்தினாள். வளையம் இந்தத் தடவையும் கோணல்தான். கை அரித்தது, பொய் சொல்லலை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.