30 அடி மனை 762 அடி ஆவது எப்படி? ஆட்டோகேடில் மெட்ரிக் அளவும் ஸ்கேலும் செட் செய்வது இப்படித்தான்!

அகலம் 30 அடி, நீளம் 40 அடி. தமிழ்நாட்டில் எங்கும் பார்க்கக்கூடிய சாதாரண வீட்டு மனை. இதை மில்லிமீட்டரில் வரைந்த ஆட்டோகேட் ஃபைலைத் திறந்து, ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றினால் போதும். மனையின் அகலம் 762 அடி என்று திரையில் காட்டும். ஒரு கோடுகூட இடம் மாறியிருக்காது. ஆனால் 30 அடி எப்படி 762 அடி ஆனது?

சாஃப்ட்வேரில் கோளாறு எதுவும் இல்லை. வரைந்தவர் ஓர் அளவை மனதில் வைத்திருக்கிறார், ஃபைலோ வேறு அளவைக் காட்டுகிறது. சிவில், மெக்கானிக்கல், இன்டீரியர் என எந்தத் துறையில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் மாதத்திலேயே இந்தச் சிக்கலைச் சந்திக்க நேரிடும். இதன் பின்னால் இருக்கும் கணக்கு ரொம்ப சிம்பிள். ஒருமுறை புரிந்துவிட்டால் மறக்காது.

‘ஒரு யூனிட்’ என்றால் எவ்வளவு?

நம்ம ஊரில் மணல் வாங்கும்போது ‘ஒரு யூனிட்’ என்றால் 100 கன அடி என்று கடைக்காரருக்கும் தெரியும், கொத்தனாருக்கும் தெரியும். யாரும் விளக்கம் கேட்பதில்லை.

ஆட்டோகேடில் அப்படி ஓர் ஊரறிந்த கணக்கு கிடையாது. நீங்கள் 5000 என்று டைப் செய்து கோடு போட்டால், அது 5000 யூனிட் நீளமுள்ள கோடு, அவ்வளவுதான். அது 5000 மில்லிமீட்டரா, 5000 மீட்டரா, 5000 இன்ச்சா என்பதை வரைபவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை ஃபைலில் பதிவு செய்து வைக்கவும் வேண்டும்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 30 அடி என்பது 9144 மில்லிமீட்டர். அளவு காட்டும் முறையை ‘ஆர்க்கிடெக்சுரல்’ என்று மாற்றினால், ஒரு யூனிட் என்பதை ஓர் இன்ச் என்று ஆட்டோகேட் எடுத்துக்கொள்ளும். 9144 இன்ச்சை 12-ஆல் வகுத்தால் 762 அடி. மர்மம் அவ்வளவுதான்.

762-ஐ 30-ஆல் வகுத்தால் 25.4 வரும். ஓர் இன்ச் என்பது துல்லியமாக 25.4 மில்லிமீட்டர் என்று 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் ஒப்புக்கொண்ட அதே எண்தான் இது. ஒரு படம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால், இன்ச்சும் மில்லிமீட்டரும் எங்கேயோ கலந்துவிட்டன என்று அர்த்தம். 304.8 மடங்கு என்றால் அடியும் மில்லிமீட்டரும். 1000 மடங்கு என்றால் மீட்டரும் மில்லிமீட்டரும்.

பரப்பளவில் இது இன்னும் மோசமாகும். நீளம் 25.4 மடங்கு தப்பினால், பரப்பளவு 645 மடங்கு தப்பும்.

இரண்டு கணக்கில் ஓடும் ஊர்

1956-ல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின் மூலம் இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. ஆனால் வீடு கட்டும் தொழிலில் இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடுகின்றன. மனை சென்ட்டிலும் கிரவுண்டிலும் பேசப்படுகிறது. சுவர் ‘9 இன்ச்’. பிளைவுட் ஷீட் ‘8-க்கு 4’ அடி, ஆனால் அதன் தடிமன் 19 மில்லிமீட்டர். கம்பி 8, 10, 12 மில்லிமீட்டர்.

வீட்டுக்காரர் அடியில் கேட்பார். அனுமதிக்குப் போகும் வரைபடமோ மீட்டரில் இருக்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, பக்க இடைவெளி முதல் உயரம் வரை எல்லாவற்றையும் மீட்டரிலும் சதுர மீட்டரிலும்தான் பேசுகின்றன. இவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் படம் வரைபவர். அமெரிக்க புராஜெக்ட்டுகளுக்கு வரைந்து கொடுப்பவர்கள் என்றால், அவர்களுக்கு எல்லாமே அடி, இன்ச் கணக்கு.

ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தப்பு

25 மடங்கு தப்பு நடந்தால் யாருக்கும் கண்ணில் பட்டுவிடும். சின்னத் தப்புதான் ஆபத்து. அதற்கு உதாரணம் டோக்கியோவில் இருக்கிறது.

2003 டிசம்பரில் டோக்கியோ டிஸ்னிலேண்டில் ‘ஸ்பேஸ் மவுன்டன்’ ரோலர் கோஸ்டரின் சக்கர அச்சு ஒன்று உடைந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை. விசாரணையில் தெரியவந்தது இதுதான்: 1995-ல் அந்த பாகங்களின் அளவு இன்ச்சிலிருந்து மெட்ரிக்குக்கு மாற்றப்பட்டிருந்தது. அச்சின் விட்டம் 44.14 மில்லிமீட்டரிலிருந்து 45 மில்லிமீட்டர் ஆனது. ஆனால் பழைய வரைபடமும் அப்படியே புழக்கத்தில் இருந்தது. 2002-ல் புது அச்சுகளுக்கு ஆர்டர் கொடுத்தபோது, பழைய வரைபடத்தின்படி கொடுத்துவிட்டார்கள். அச்சுக்கும் பேரிங்குக்கும் நடுவில் 0.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி, 1 மில்லிமீட்டரைத் தாண்டியது. அதிர்வு கூடி, அச்சு உடைந்தது.

இரண்டு வரைபடங்களுக்கும் இடையே வித்தியாசம் வெறும் 0.86 மில்லிமீட்டர். அதனால்தான் அளவு முறையை ஆரம்பத்திலேயே செட் பண்ணுவதும், மாற்றினால் பழைய ஃபைலை ஒதுக்கி வைப்பதும் முக்கியம்.

புது ஃபைல்: எங்கிருந்து தொடங்குவது?

1. சரியான டெம்ப்ளேட்: புது ஃபைல் தொடங்கும்போது ஆட்டோகேட் டெம்ப்ளேட் கேட்கும். ‘ஏகேட்’ என்ற பெயரில் இருப்பது இன்ச் கணக்குக்கானது. ‘ஏகேட் ஐஎஸ்ஓ’ என்று இருப்பதுதான் மெட்ரிக். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இன்ச் டெம்ப்ளேட்டில் தொடங்கி, பிறகு யூனிட்டை மட்டும் மாற்றினால் போதாது. அந்த டெம்ப்ளேட்டில் டைமென்ஷன் எழுத்தின் உயரம் 0.18. அது இன்ச்சாக இருக்கும்வரை சரி. மில்லிமீட்டர் என்று ஆகிவிட்டால் பேப்பரில் எழுத்து கண்ணுக்கே தெரியாது. மெட்ரிக் டெம்ப்ளேட்டில் அது 2.5. ஹேட்ச், விட்டுவிட்டு வரும் கோடுகள் போன்றவையும் இரண்டு டெம்ப்ளேட்டிலும் வேறு வேறு.

2. யூனிட்ஸ் கட்டளை: ‘யூனிட்ஸ்’ என்று டைப் செய்தால் ஒரு பெட்டி திறக்கும். நீள வகையில் ‘டெசிமல்’. கோண வகையில் ‘டெசிமல் டிகிரீஸ்’. ‘இன்சர்ஷன் ஸ்கேல்’ என்ற இடத்தில் ‘மில்லிமீட்டர்ஸ்’. கட்டடத்துக்கும் இயந்திர பாகத்துக்கும் மில்லிமீட்டர் வசதி. சாலை, லே-அவுட், சர்வே வேலைக்கு மீட்டர் வசதி.

3. பிரிசிஷன்: எத்தனை தசம இடம் காட்ட வேண்டும் என்பது. கட்டடத்துக்கு பூஜ்ஜியம் போதும். ஆனால் இது திரையில் காட்டுவதை மட்டுமே மாற்றும். கோட்டின் நீளம் 9144.4 ஆக இருந்தாலும் 9144 என்றுதான் தெரியும். சந்தேகம் வந்தால் தசம இடத்தைக் கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

4. சேமித்து வையுங்கள்: எல்லாம் சரியானதும், இதையே உங்கள் சொந்த டெம்ப்ளேட்டாக சேவ் செய்துகொண்டால் ஒவ்வொரு முறையும் இந்த வேலை இல்லை.

இன்சர்ஷன் ஸ்கேல்: பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது

‘இன்சர்ஷன் ஸ்கேலை மில்லிமீட்டர் என்று மாற்றிவிட்டேன், படம் ஏன் மாறவில்லை?’ என்பது கற்றுக்கொள்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. அது மாறாது. ஏற்கெனவே வரைந்ததை அந்த செட்டிங் தொடவே தொடாது. ‘இந்த ஃபைல் இந்த அளவில் வரையப்பட்டது’ என்று ஒட்டும் லேபிள் மாதிரிதான் அது.

அந்த லேபிளின் வேலை, வேறொரு ஃபைலிலிருந்து கட்டில், வாஷ்பேசின் போன்ற பிளாக்கை உள்ளே கொண்டுவரும்போதுதான் தொடங்கும். இன்ச் லேபிள் உள்ள பிளாக், மில்லிமீட்டர் ஃபைலுக்குள் வந்தால், ஆட்டோகேட் தானாகவே 25.4 மடங்கு பெரிதாக்கிவிடும். இரண்டு லேபிளும் உண்மையாக இருந்தால் பிரச்சினை இல்லை. மில்லிமீட்டரில் வரைந்த கட்டிலுக்கு இன்ச் லேபிள் ஒட்டியிருந்தால்? 6 அடிக் கட்டில் 152 அடி நீளத்துக்கு வீட்டைத் தாண்டிப் போகும்.

வேறொருவர் ஃபைல் வந்தால்?

லேபிளை நம்ப வேண்டாம். உங்களுக்கு நிஜ அளவு தெரிந்த ஒரு பொருளை ‘டிஸ்ட்’ கட்டளையால் அளந்து பாருங்கள். கதவு இதற்கு வசதியானது. 3 அடி அகலக் கதவு என்றால்:

• 914.4 என்று வந்தால் மில்லிமீட்டர்
• 0.914 என்று வந்தால் மீட்டர்
• 36 என்று வந்தால் இன்ச்
• 3 என்று வந்தால் அடி

எந்த அளவு என்று தெரிந்துவிட்டால், மில்லிமீட்டருக்கு மாற்றுவது எளிது. முதலில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். உறைய வைத்த, பூட்டிய லேயர்களைத் திறந்துவிடுங்கள். ‘ஆல்’ என்று கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாலும், அந்த லேயர்களில் உள்ளவை சேராது. பாதிப் படம் மட்டும் பெரிதாகும். பிறகு ‘ஸ்கேல்’ கட்டளை, அடிப்புள்ளி 0,0. இன்ச்சிலிருந்து என்றால் 25.4, அடியிலிருந்து என்றால் 304.8, மீட்டரிலிருந்து என்றால் 1000. கடைசியாக யூனிட்ஸில் லேபிளை மாற்றிவிட்டு, அதே கதவை மறுபடி அளக்க வேண்டும்.

228.6-ஆ, 230-ஆ?

மாற்றிய பிறகும் ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. 9 இன்ச் சுவரை 25.4-ஆல் பெருக்கினால் 228.6 மில்லிமீட்டர். மெட்ரிக் வரைபடங்களில் அந்தச் சுவரை 230 என்றுதான் போடுவார்கள். நாலரை இன்ச் சுவர் 114.3 அல்ல, 115. கணக்குப்படி மாற்றுவது வேறு, மெட்ரிக்கில் வடிவமைப்பது வேறு.

அறைகளில் இந்த வித்தியாசம் பெரிதாகும். 10-க்கு 10 அடி அறை என்பது 100 சதுர அடி. அதையே ‘ரவுண்டாக’ 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்று போட்டால், கிடைப்பது 9 சதுர மீட்டர். அதாவது சுமார் 97 சதுர அடி. வீட்டுக்காரருக்கு 3 சதுர அடி குறைகிறது. அவரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் அது டிசைன். சொல்லாமல் செய்தால் பின்னால் சண்டை.

சரி, ஸ்கேல் எப்போது வருகிறது?

காகிதத்தில் கையால் வரைந்த காலத்தில், கோடு போடும்போதே 100-ல் ஒரு பங்காகச் சுருக்க வேண்டியிருந்தது. ஆட்டோகேடில் அது தேவையில்லை. ‘மாடல் ஸ்பேஸ்’ என்ற வரையும் இடத்தில் எல்லாமே நிஜ அளவு. 9144 மில்லிமீட்டர் மனைக்கு 9144 என்றே போட வேண்டும். சுருக்கும் வேலை ‘லே-அவுட்’ என்ற தாள் பக்கத்தில்தான் நடக்கும்.

லே-அவுட்டில் உள்ள ‘வியூபோர்ட்’ ஒரு ஜன்னல் மாதிரி. அதில் 1:100 தேர்ந்தெடுத்தால், நம் 30-க்கு 40 மனை தாளில் 91.44-க்கு 121.92 மில்லிமீட்டர் ஆகும். ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். 1:50 என்றால் 182.88-க்கு 243.84. ஏ4-ல் டைட்டில் எழுதக்கூட இடம் பற்றாது, ஏ3-க்குப் போக வேண்டும். ஸ்கேலை முடிவு செய்ததும் வியூபோர்ட்டை லாக் செய்துவிடுங்கள். இல்லையென்றால் மவுஸ் சக்கரத்தை ஒருமுறை உருட்டினாலே ஸ்கேல் போய்விடும்.

மீட்டரில் வரைபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தாள் மில்லிமீட்டரில் இருக்கும், படம் மீட்டரில் இருக்கும். அப்போது பட்டியலில் உள்ள 1:100-ஐ அப்படியே தேர்ந்தெடுத்தால், 10 மீட்டர் வீடு 0.1 மில்லிமீட்டர் புள்ளி ஆகிவிடும். ஒரு மீட்டர் 1000 மில்லிமீட்டர் என்பதால், 1000-ஐ 100-ஆல் வகுத்து, ஸ்கேல் அளவாக 10 கொடுக்க வேண்டும்.

எழுத்துக்கும் இதே கணக்கு. தாளில் 2.5 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்றால், 1:100-க்கு மாடல் ஸ்பேஸில் 250 மில்லிமீட்டரில் எழுத வேண்டும். ‘அனோடேட்டிவ்’ வசதியை ஆன் செய்தால் இந்தப் பெருக்கலை ஆட்டோகேட் பார்த்துக்கொள்ளும்.

பிரின்ட் கொடுக்கும் முன்...

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, கடைசி நிமிடத்தில் ‘ஃபிட் டு பேப்பர்’ என்ற டிக் மார்க்கை எடுக்க மறந்தால் எல்லாம் வீண். லே-அவுட்டிலிருந்து பிரின்ட் எடுக்கும்போது ஸ்கேல் 1:1 ஆக இருக்க வேண்டும். பிடிஎஃப்பை பிரின்ட் செய்யும்போதும் ‘ஆக்சுவல் சைஸ்’ என்று கொடுக்க வேண்டும்.

நிஜத்தில் நடப்பது என்ன? ஏ3 பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் போகும். சைட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஏ4-ல் பிரின்ட் ஆகும். படம் சுமார் 71 சதவீதமாகச் சுருங்கிவிடும். தாளில் ‘1:100’ என்று எழுதியிருக்கும், உண்மையில் அது 1:141. அதில் ஸ்கேல் வைத்து அளந்து தூண் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு எளிய தீர்வு, தாளின் ஓரத்தில் ஒரு ஸ்கேல் பார் வரைந்துவிடுவது. படம் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும், அதனால் எப்போதும் உண்மை சொல்லும். கூடவே இரண்டு வரி எழுதிவிடுங்கள்: ‘எல்லா அளவுகளும் மில்லிமீட்டரில். எழுதியுள்ள அளவையே பின்பற்றவும், படத்தை அளக்க வேண்டாம்.’ முதல் பிரின்ட் வந்ததும் சாதாரண ஸ்கேலை எடுத்து ஒரு சுவரை மட்டும் அளந்து பாருங்கள். 1:100-ல் 3 மீட்டர் சுவர் 30 மில்லிமீட்டர் இருந்தால், ஃபைலை தைரியமாக அனுப்பலாம்.