மடல்களை எண்ணுதலும் உரையாடலை அளத்தலும்

வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி எது என்று சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்கிறது. தமிழ் என்று விடையளித்த இந்தியர் 2010இல் 36.7 விழுக்காடு, 2020இல் 29.2 விழுக்காடு. இவ்வெண்களை நாம் கவலையோடு மேற்கோள் காட்டுகிறோம். ஆயினும், தமிழில் யார் யாருக்கு எழுதுகிறார், எழுதியதற்கு மறுமொழி கிடைக்கிறதா என்று அக்கணக்கெடுப்பு கேட்பதில்லை. அதற்குச் சான்று தரக்கூடியவை இணைய உரையாடற் குழுக்கள். அங்கு ஒவ்வொரு மடலும் நாளும் நேரமும் குறிக்கப்பெற்றே பதிவாகிறது. பேச்சுமொழியை ஆராய்வோருக்கு எளிதில் வாய்க்காத வசதி இது.

மாதந்தோறும் மடல்களை எண்ணி வரைபடம் இடுவது எளிது. அதனைப் படிப்பதுதான் அரிது. ஜனவரியில் 310 மடல்கள், பிப்ரவரியில் 280 என்றால் குழு தளர்ந்துவிட்டதாகத் தோன்றும். 28 நாள் கொண்ட பிப்ரவரியாயின், இரண்டிலும் நாளொன்றுக்குப் பத்து மடல்களே. ஆசிரியர் குழுவின் ஜூன் மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடுதல் கூடாது. பள்ளி விடுமுறை குறுக்கிடும். சென்ற ஆண்டின் ஜூனோடு ஒப்பிடுக. பொங்கலன்று வந்து குவியும் வாழ்த்துகளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். (வாழ்த்தும் மொழிப் பயன்பாடே என்று வாதிடுவோர் உளர். நான் அவரோடு பிணங்கேன்; வேறு பத்தியில் எண்ணுக என்பேன்.)

மடல்களைவிட எழுதுவோரைக் கருதுதல் முதன்மையானது. ஒரு மாதத்தில் 300 மடல்களை 60 பேர் எழுதுவதும் ஆறு பேர் எழுதுவதும் ஒன்றல்ல. இத்தகைய குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு நிற்பர், ஒன்பதின்மர் எப்போதாவது எழுதுவர், ஒருவரே பெரும்பகுதியை எழுதுவார் என்று ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு தோராய விதி கூறினார். அந்த ஒருவர் நோயுற்றாலே வரைபடம் சரிந்துவிடும். என் கணிப்பில், ஒரு குழுவின் உயிர்ப்பைக் காட்டும் சிறந்த அளவுகோல் வேறு: முதன்முறை எழுதியவருக்கு மறுமொழி கிடைத்ததா? அவர் மீண்டும் எழுதினாரா?

தமிழுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. 1990களின் நடுவில் தோன்றிய தமிழ்.நெட் மடலாடற்குழு, பல நாட்டுத் தமிழரை ஒரே திண்ணையில் அமர்த்தியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அத்தகைய உரையாடல்களில் விளைந்ததே. அக்காலத்தார் சிலர் உரோமன் எழுத்தில் தமிழை எழுதினர். சிலர் தத்தம் எழுத்துருவிற்குரிய குறியேற்றத்தில் எழுதினர். பின்னர்த் திஸ்கி வந்தது, அதன்பின் ஒருங்குறி பரவியது. ஒரு பழைய தொகுப்பில் ‘தமிழ்’ என்ற சொல்லை ஒருங்குறியில் நான் தேடியபோது, தொடக்க ஆண்டுகளில் ஒரு மடலும் அகப்படவில்லை. நானே எழுதியவைகூட இல்லை! வரைபடமோ, உறங்கிக் கிடந்த குழு திடீரென விழித்துக்கொண்டதாகக் காட்டியது. மாறியது குறியேற்றமே, பேச்சு முன்பும் இருந்தது. எனவே எண்ணத் தொடங்குமுன் பழைய மடல்களை ஒரே குறியேற்றத்திற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்மை வேறு, இழப்பு வேறு. யாஹூ குழுமங்களின் பழைய மடல்கள் 2019 டிசம்பரிலிருந்து அதன் தளத்திலிருந்து நீக்கப்பட்டன; 2020 டிசம்பர் 15இல் அச்சேவையே நின்றது. நம் நாடுகளின் தமிழர் ஆண்டுக்கணக்கில் இலக்கணமும் சமையலும் சமயமும் பேசிய மடல்கள், தனியார் சேமித்து வைத்தவை நீங்கலாக, மறைந்தன. அவ்விடத்தில் சுழியம் இடுவது பிழை; வெற்றிடமாக விடுவதே நேர்மை.

இன்றைய உரையாடல் வாட்ஸ்அப் போன்ற மூடிய குழுக்களுக்குள் நிகழ்வதால் வெளியிலிருந்து எண்ண இயலாது. ஆயினும் ஒரு வகுப்பு தன் குழுவைத் தானே ஆராயலாம். உறுப்பினர் அனைவரின் இசைவையும் பெற்று உரையாடலைக் கோப்பாக எடுத்து, வாரந்தோறும் மூன்று எண்களைக் குறித்து வருக: மடல்கள், எழுதியோர், மறுமொழி பெற்ற மடல்கள். குரற்பதிவுகளையும் தனியே எண்ணுக. அக்கோப்பில் அவை சொற்களாக வாரா. ஆனால் தமிழில் எழுதத் தயங்கும் மாணவர் தமிழில் பேசியிருப்பது பெரும்பாலும் அவற்றில்தான். பெயர்களை நீக்கி எண்களாக மாற்றிய பின்னரே கோப்பினைப் பிறர் கையில் தருக.