70 நாள்களுக்குப் பிறகு இலை போட்டாச்சு... சென்னையில் ஒரு சைக்கிள் ரவுண்ட்!

2021, ஜூலை 5, திங்கட்கிழமை காலை 6 மணி. திருவல்லிக்கேணி மேன்ஷன் படிகளில் சைக்கிளை இறக்கும்போது என் சட்டைப் பையில் 1,150 ரூபாய் இருந்தது. ஏப்ரல் மாத மெஸ் பாக்கி.

கொரோனா இரண்டாம் அலை வேகமெடுத்ததால், ஏப்ரல் 26 முதல் தமிழக ஹோட்டல்களில் பார்சல் மட்டும்தான். மே 10-ல் முழு ஊரடங்கு வந்தது. நான் சாப்பிடும் மெஸ்ஸின் ஷட்டரும் இறங்கியது. மெஸ் நடத்தும் அக்கா சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். இன்று முதல் பாதி இருக்கைகளில் மட்டும் ஆட்களை உட்கார வைத்துப் பரிமாறலாம். சரியாக 70 நாள்களுக்குப் பிறகு!

முதலில் மெஸ்ஸுக்குத்தான் போனேன். ஷட்டர் மூடியே இருந்தது. சரி, ஊரைச் சுற்றிவிட்டு வருவோம் என்று ராயப்பேட்டை பக்கம் திருப்பினேன். பஸ்கள் ஓடாத மே மாதத்தில் நண்பரிடம் வாங்கிய பழைய சைக்கிள் இது. செயின் சத்தம் போட்டாலும் நம்பிப் போகலாம்.

நாலு பேர் டேபிள்

மணிக்கூண்டைத் தாண்டி, லஸ் வழியாக மயிலாப்பூர் மாட வீதிக்குள் நுழைந்தால் சாம்பார் வாசனை. கோயில்களும் திறந்துவிட்டன என்பதால் பூக்கடைகளில் கூட்டம். ஒரு சின்ன டிபன் ஹோட்டலில் நெற்றியில் வெப்பமானி காட்டி, கையில் சானிடைசர் ஊற்றித்தான் உள்ளே விட்டார்கள். ஒன்று விட்டு ஒரு நாற்காலியில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது.

எதிர் டேபிளில் ஒரு பெரியவர் தனியாக ஃபில்டர் காபி குடித்துக்கொண்டிருந்தார். "வீட்லயும் காபி நல்லாத்தான் இருக்கும். அதுக்காக இங்க வர்றதில்லை. வாக்கிங் முடிச்சுட்டு நாலு பேர் இந்த டேபிள்ல உட்காருவோம்" என்றார். மற்ற மூவரும் எப்போது வருவார்கள் என்று கேட்டேன். "ரெண்டு பேர் இனிமே வருவாங்க" என்றவர், மூன்றாமவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பார்சலுக்கு ஆள் எதுக்கு?

அங்கிருந்து அண்ணா சாலை ஏறி, ஸ்பென்சரைத் தாண்டி எழும்பூர் வந்தபோது மணி 10. ரயில் நிலையம் அருகே ஒரு ஹோட்டலில் டேபிள்களைத் துடைத்துக்கொண்டிருந்தார் சப்ளையர் அண்ணன் ஒருவர். காலையில்தான் திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார். கொண்டுவந்த பையைக்கூட இன்னும் ரூமில் வைக்கவில்லை.

"பார்சல் கட்ட ரெண்டு பேர் போதும் தம்பி. எங்களை மாதிரி ஆள் எதுக்கு? இலை போட்டாத்தான் எங்களுக்கு வேலை. ஓனர் 12 பேர்ல 6 பேரைத்தான் கூப்பிட்டிருக்கார். பாதி சீட்டுன்னா பாதிப் பேருக்குத்தானே சம்பளம் கொடுக்க முடியும்? மிச்சப் பேர் ஊர்ல போனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க" என்றார்.

பக்கத்து டேபிளில் உணவு டெலிவரி செய்யும் இளைஞர் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இந்த வாசல்ல தினமும் நின்னிருக்கேன்ணா. ஆர்டரை வாங்கி வண்டியில வைப்பேன். நான் சாப்பிடணும்னா எங்கயாவது பிளாட்பாரத்துல நிழல் தேடணும். இன்னைக்குத்தான் ஃபேனுக்குக் கீழ உட்கார்றேன்" என்று சிரித்தவர், இன்னொரு வடை சொன்னார்.

இந்த 70 நாள்களும் பார்சலில் சாப்பாடு கிடைத்தது. ஆனால் உட்கார ஓர் இடமும், "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தவா?" என்று கேட்க ஒரு மனிதரும் பார்சலில் வரவில்லை. வீடும் சமையலறையும் இல்லாமல் இந்த ஊரில் பிழைப்பவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கணக்கு நோட்டு

மதியம் 12.30-க்குத் திருவல்லிக்கேணி திரும்பினேன். மெஸ் ஷட்டர் பாதி ஏறியிருந்தது! குனிந்து உள்ளே போனால், அக்கா பெஞ்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர் வரவில்லை, நாளை மதியம்தான் சாப்பாடாம்.

பணத்தை நீட்டினேன். கணக்கு நோட்டை எடுத்து என் பெயரை அடித்தார். அந்தப் பக்கத்தில் இன்னும் 15 பெயர்கள் அடிக்கப்படாமல் இருந்தன. "ரெண்டு மூணு பசங்களுக்கு வேலை போயிடுச்சாம். ஊர்லயே இருக்காங்க. போன் பண்ணி, 'அப்புறம் தர்றேன்க்கா'ன்னாங்க. பணம் மெதுவா வரட்டும், முதல்ல ஆளு வரட்டும்" என்றவர், "நாளைக்கு எத்தனை பேர் வருவீங்க? அரிசி அளக்கணும்" என்று கேட்டார்.

மேன்ஷனில் என் மாடியில் திறந்திருக்கும் அறைகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, "அஞ்சு பேர்க்கா" என்றேன்.

"எட்டு பேருக்கு வைக்கிறேன் தம்பி. யாராவது ஊர்லேர்ந்து பையோட வந்து நிப்பாங்க" என்றபடி அடுத்த பெஞ்சில் தண்ணீர் ஊற்றினார்.